பிடிக்காத பாட்டுகளை வைத்து உங்களைப் படிப்பது எப்படி

"உனக்கு என்ன மாதிரி பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டால் பாதிப் பேர் "எல்லாமே கேட்பேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான். அதையே கொஞ்சம் திருப்பி, "எந்தப் பாட்டு ஓடினால் எழுந்து வெளியே போய்விடுவாய்?" என்று கேளுங்கள். ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார், நடுவில் கையெல்லாம் ஆட்டுவார். பிடித்ததைச் சொல்லும்போது வராத வேகம் அப்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? என் கணக்கு இதுதான்: நமக்குப் பிடித்த பாட்டுகளில் பாதி தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டவை, பிடிக்காதவற்றையோ நாமே பார்த்துப் பார்த்து வேலி மாதிரி நட்டு வைத்திருக்கிறோம். அதனால் உங்கள் ரசனையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த வேலிப் பக்கம் ஒரு நடை போய்வருவதுதான் சுருக்கு வழி.

எனக்கு இது உறைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு மேல் நான் கிட்டார் கட்சி. கணினியில் தட்டிச் செய்த ஆட்டப் பாட்டெல்லாம் இசையே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். ஒருநாள் வேலை நடுவே ஹெட்போனில் நான் போட்ட ஆல்பம் முடிந்து, ஆப் தானாகவே வேறு எதற்கோ தாவிவிட்டது, நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மேசைக்கு அடியில் என் கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது, ஓடுவதோ சுத்தமான ஹவுஸ் இசை, நான் திட்டித் திரிந்த அதே கணினி ஆட்டப் பாட்டு வகை. அதுகூடப் பரவாயில்லை. பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ கேட்க வந்தார், அவர் தலை தெரிந்ததுமே என் கை தன்னால் போய் போனைக் குப்புறக் கவிழ்த்தது. ஹெட்போனில் ஓடுவது அவருக்குக் கேட்கப் போவதில்லை, திரையில் பெயர் மட்டும்தான் தெரியும். அந்தப் பெயருக்காகத்தான் கை அப்படிப் பாய்ந்திருக்கிறது.

சரி, எப்படி ஆரம்பிப்பது? ஒரு தாளில் உங்களுக்குப் பிடிக்காதவற்றை எழுதுங்கள், பத்து போதும். "தரமில்லாத இசை" என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது, பெயர் வேண்டும்: இந்தப் பாடகர், இந்த வகை, இந்த ஒரு பாட்டு. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை நினைத்ததும் மனதில் முதலில் எது வந்ததோ அதை யோசிக்காமல் எழுதுங்கள். யோசித்தால் நியாயம் கற்பிக்க ஆரம்பித்துவிடுவோம். சிலவற்றுக்கு எதிரே சத்தம் வரும்: மூக்கால் பாடுவது, காதைக் குத்துகிற மேல் ஸ்தாயி. சிலவற்றுக்கு எதிரே ஆள் வருவார்: பள்ளியில் உங்களை மட்டம் தட்டிய கூட்டம், பிரிந்துபோனவரின் ரிங்டோன், எப்போதும் அறிவுரை சொல்லும் உறவினரின் கார். என் தாளில் ஆட்டப் பாட்டுக்கு எதிரே இருந்தது "கூலிங்கிளாஸ்" என்ற ஒரே சொல். கல்லூரியில் அந்த இசையைக் கேட்டுக்கொண்டு சுற்றிய ஒரு கும்பல் ராத்திரியில்கூட கூலிங்கிளாஸைக் கழற்றாது. அவ்வளவுதான், பத்து வருட வெறுப்புக்கு அதுதான் முதலீடு.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊரே இப்படித்தான். பெத்தனி பிரைசன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், 1993-ல் அங்கே நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் 18 வகை இசை பற்றி மக்கள் சொன்ன பதில்களை ஆராய்ந்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிகம் படித்தவர்கள் நிறைய வகை இசையை ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் எதையாவது ஒதுக்கும்போது அவர்கள் கை போவது படிப்புக் குறைந்தவர்கள் விரும்பிக் கேட்கிற வகைகள் மேல்தான் என்று அதில் தெரிந்தது: ஹெவி மெட்டல், ராப், அமெரிக்கக் கிராமப்புறப் பாணியான கண்ட்ரி, கிறித்தவப் பக்திப் பாட்டான காஸ்பல். "எல்லாமே கேட்பேன், அது ஒன்றைத் தவிர" என்பதில் அந்த "தவிர" யாரைத் தவிர்க்கிறது என்று பாருங்கள்.

இந்த வேலி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1979 ஜூலை 12 ஒரு உதாரணம். சிகாகோவின் கோமிஸ்கி பார்க்கில் அன்று இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள், இடைவேளையில் ஒரு கூத்து: டிஸ்கோ ரெக்கார்ட் ஒன்றைக் கொண்டுவந்தால் டிக்கெட்டில் சலுகை, வந்த ரெக்கார்டுகளை மைதானத்தின் நடுவில் வைத்து வெடித்துத் தகர்ப்பார்கள். நடத்தியவர் ஸ்டீவ் டால் என்ற ரேடியோ அறிவிப்பாளர், ராக் கட்சி. 50,000 பேர் அளவுக்குக் கூட்டம். வெடித்தார்கள், கூட்டம் உள்ளே பாய்ந்தது, மைதானம் நாசமாகி இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை, உள்ளூர் அணி தோற்றதாக அறிவித்தார்கள். அன்று அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன் பின்னாளில் சொன்னது, மக்கள் கொண்டுவந்ததில் நிறைய டிஸ்கோவே இல்லை, கறுப்பினக் கலைஞர்களின் ரெக்கார்டுகள், அவ்வளவுதான். பாட்டு பிடிக்கவில்லை என்று கிளம்பியவர்கள் யாரைப் பிடிக்கவில்லை என்று காட்டிவிட்டுப் போனார்கள். அதே சிகாகோவில்தான் அடுத்த சில வருடங்களில் ஹவுஸ் இசை பிறந்தது, அதை உருவாக்கியவர்களில் அந்த லாரன்ஸும் ஒருவர். நான் மேசைக்கு அடியில் கால் தட்டிய அதே இசை.

அடுத்தது விநாடிக் கணக்கு, இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தாளில் உள்ள ஒன்றை எடுத்து ஓடவிட்டு, எரிச்சல் எந்த விநாடியில் ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குரல் நுழையும்போதா, டிரம்ஸ் விழும்போதா, பல்லவி மூன்றாவது முறை வரும்போதா? பாட்டு தொடங்குவதற்கு முன்பே, பெயரைப் பார்த்ததுமே முகம் சுளித்தால் அந்த வெறுப்பில் காதுக்கு வேலையே இல்லை, அது வேறு ஏதோ கணக்கு. நடுவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வந்தால் அது நிஜமான வெறுப்பு, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே தடவை கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஒரு வாரத்தில், வேறு வேறு நாளில், நாலைந்து தடவை கேளுங்கள். ராபர்ட் சயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968-லேயே காட்டியது, அர்த்தமில்லாத சொற்களைக்கூடத் திரும்பத் திரும்பக் கண்ணில் காட்டினால் மக்களுக்கு அவை பிடிக்க ஆரம்பிக்கின்றன. பழகினால் பிடித்துப்போவது மனித இயல்பு, பாட்டுக்கும் அதேதான். ஆனால் அளவு மீறினால் தலைகீழாகும், தெருவெல்லாம் ஆறு மாதம் ஓடிய பாட்டை நாம் வெறுப்பது அதனால்தான். அப்படிப்பட்ட பாட்டு உங்கள் தாளில் இருந்தால் இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள், இரண்டு மூன்று வருடம் கழித்துத் திரும்பக் கேட்டால் பல பாட்டுகள் ஆச்சரியப்படும்படி நன்றாக இருக்கின்றன.

இன்னொன்று, பெயரை மறைத்துக் கேட்பது. உங்கள் ரசனை தெரிந்த நண்பர் ஒருவரிடம் சொல்லி, நீங்கள் கேட்டிராத பதினைந்து பாட்டுகள் அடங்கிய பிளேலிஸ்ட் ஒன்றைச் செய்து தரச் சொல்லுங்கள், அதில் நீங்கள் ஒதுக்கும் வகையிலிருந்து நாலைந்தைக் கலக்கச் சொல்லுங்கள். போனைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டு மதிப்பெண் போடுங்கள், அப்புறம் பெயர்களைப் பாருங்கள். சிரிப்பு வரும், கொஞ்சம் கோபமும் வரும். 2006-ல் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் இணையத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள், பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள், 14,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். சிலருக்குப் பாட்டு மட்டும், மற்றவர்களை எட்டுக் கூட்டமாகப் பிரித்து, அந்தந்தக் கூட்டத்துக்குள் எந்தப் பாட்டை எத்தனை பேர் டவுன்லோட் செய்தார்கள் என்ற எண்ணையும் சேர்த்துக் காட்டினார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் வெவ்வேறு பாட்டுகள் மேலே ஏறின. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போனது அபூர்வம், மோசமானது உச்சிக்குப் போனதும் அபூர்வம், நடுவில் இருந்தவை எப்படி வேண்டுமானாலும் போயின. நமக்குப் பிடித்தவற்றில் பெரும்பாலானவை அந்த நடுப்பகுதிதான் என்று நினைக்கும்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

அதனால் பிடித்தவற்றையும் விட்டுவைக்காதீர்கள். நீங்கள் உயிரையே விடும் கலைஞர் ஒருவர் இருப்பார். அவருடைய மோசமான மூன்று பாட்டுகளைச் சொல்லுங்கள் பார்ப்போம். உடனே சொல்ல முடிந்தால் நீங்கள் ரசிகர். சொல்லவே வாய் வரவில்லை என்றால் நீங்கள் காவல்காரர் ஆகிவிட்டீர்கள். இன்னொரு சோதனையும் உண்டு: அவர் பழைய மெட்டைத் திரும்பப் போட்டால் அது "முத்திரை", எதிர்க் கட்சிக்காரர் போட்டால் "சரக்கு தீர்ந்துவிட்டது" என்று சொல்கிறீர்களா? மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. நான் இதைச் சொல்லியே பிடிபட்டிருக்கிறேன், ஒரே நாளில், ஒரே ஆளிடம்.

நீங்கள் உயிரை விடும் அந்தக் கலைஞரைப் பற்றி யாராவது குறை சொன்னால் உங்களைச் சொன்ன மாதிரி சுருக்கென்று இருக்கும். அது பைத்தியக்காரத்தனம் இல்லை. பதின்ம வயதிலிருந்து இருபதுகளின் தொடக்கம் வரை கேட்ட பாட்டுகள் மற்றவற்றைவிட ஆழமாக நினைவில் நிற்கின்றன என்று ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது, அந்த வயதில்தான் நாம் யார் என்பதையும் கட்டிக்கொண்டிருந்தோம், சிமெண்ட் காய்வதற்கு முன் பதிந்த கால்தடம் மாதிரி இரண்டும் ஒன்றாக உறைந்துவிட்டன. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் நாட்டுப்புறப் பாணியை விட்டு எலக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கியபோது 1966 மே 17 அன்று மான்செஸ்டர் கச்சேரியில் ஒருவர் "யூதாஸ்!" என்று கத்தினார். டிலனைத் துரோகி என்கிறார், காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து. கிட்டாரில் மின்சாரம் பாய்ந்ததற்கு இவ்வளவு வலி வராது, இந்தப் பாட்டைக் கேட்பவன் நான் என்று சொல்லிக்கொண்ட ஆளின் காலடி நழுவினால் வரும். உங்கள் ஆளின் புது ஆல்பம் பிடிக்காமல் போனால் "இவர் முடிந்துபோனார்" என்று அறிக்கை விடுவதற்கு முன் ஒரு மாதம் பொறுங்கள், மாறியது அவரா, அல்லது மாறக் கூடாது என்று நீங்கள் நிற்கிறீர்களா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருந்து, நீங்கள் போடும் பாட்டெல்லாம் "குப்பை" என்று சொன்னால் இந்தத் தாள், விநாடிக் கணக்கு எதையும் அவரிடம் கொண்டுபோகாதீர்கள். அந்த வயதில் வேலி போடுவதுதான் வேலை. போடட்டும். இன்னும் சிலர் இருக்கிறார்கள், எந்த இசையும் அவர்களை அசைக்காது. பார்சிலோனாவில் ஆய்வாளர்கள் 2014-ல் அப்படிப்பட்டவர்களைச் சோதித்தபோது காதிலும் குறையில்லை, பணம் ஜெயிப்பது போன்ற மற்ற சந்தோஷங்களும் வழக்கம்போல இருந்தன, இசை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அவர்களை மாற்றப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதெல்லாம் செய்தால் எல்லாப் பாட்டும் பிடிக்க ஆரம்பித்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். அது நோக்கமும் இல்லை. எதுவுமே பிடிக்காமல் போகாத ஆளுக்கு ரசனை இருப்பதாக நான் நம்பமாட்டேன். சோதனைக்குப் பிறகும் தாளில் மிஞ்சுகிற பெயர்கள்தான் உண்மையில் உங்களுடையவை, அவற்றைச் சொல்லும் விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். "குப்பை" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் தன்னைத்தான் சொன்னதாக எடுத்துக்கொள்வார், பேச்சு அங்கேயே சண்டையாகும். "அந்தக் குரல் சுருதியைத் தேடித் தேடி நடுங்கும்போது எனக்குப் பல் கூசுகிறது" என்று சொல்லிப் பாருங்கள், அவர் "அந்த நடுக்கம்தான் எனக்குப் பிடிக்கும்" என்பார், அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரே பாட்டைப் பற்றிப் பேசலாம்.

தாளின் மேலே தேதி போட்டு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். என்னுடையதில் பத்துப் பெயர்கள் இருந்தன, இப்போது மூன்று. ஆட்டப் பாட்டு அடிக்கப்பட்டுவிட்டது, கூலிங்கிளாஸும் கூடவே போய்விட்டது. மிஞ்சிய மூன்றில் ஒருவர் பெரிய பாடகர், நண்பர்களில் பாதிப் பேர் அவருக்கு ரசிகர்கள், அவருடைய ஒரு பாட்டை இதுவரை எட்டு முறை நியாயமாகவே கேட்டுப் பார்த்துவிட்டேன். பதினோராவது விநாடியில் அவர் வாயைத் திறக்கிறார், எட்டு முறையும் அதே பதினோராவது விநாடியில் என் கை ஸ்கிப் பட்டனுக்குப் போகிறது.