கவுண்ட் சரியாக இருந்தால் போதுமா?

எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் கல்யாணமாகி இரண்டு மூன்று வருடத்தில் பிள்ளை இல்லையென்றால், கோயிலுக்கும் டாக்டரிடமும் அலைபவள் பெண்தான். மாப்பிள்ளையைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். போய், 'கவுண்ட் சரி', அதாவது விந்தணு எண்ணிக்கை சரி என்று ரிப்போர்ட் வந்துவிட்டாலோ, லயத்து வீடுகளில் இருப்பவர்கள் எல்லோருமே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "அவனுக்கு ஒன்றுமில்லை, குறை இவளிடம்தான்."

பெரிய தவறு இதுதான். வழக்கமான விந்துப் பரிசோதனை எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் ஆகியவற்றைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. விந்தணுவிலுள்ள புரதங்கள் அதில் தெரியாது. 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அப்படியொரு புரதத்தைக் கண்டுபிடித்து, கல்யாண வேண்டுதலுக்குப் பேர்போன இஸுமோ கோயிலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அது இல்லாத ஆண் எலிகளின் விந்தணுக்கள் நன்றாக நீந்தின, கருமுட்டையின் மேலுறையையும் துளைத்தன. ஆனால் வாசல்வரை வந்த விருந்தாளி மாதிரி அங்கேயே நின்றுவிட்டன. முட்டையோடு இணைய முடியவில்லை. முட்டையின் பக்கம் இஸுமோவைப் பிடித்துக்கொள்ளும் புரதம் 2014இல் தெரியவந்தது. அதற்கு ரோமர்களின் கல்யாண தெய்வமான ஜூனோவின் பெயர். பொருத்தம் பார்ப்பது நம் ஆட்கள் மட்டுமில்லை!

"இக்சி செய்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது அடுத்த தவறு. இக்சி என்பது விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் சிகிச்சை; அதனால் இஸுமோ இல்லாத குறையைத் தாண்டலாம். எலிகளில் அது பலித்தது. ஆனால் உள்ளே போன பிறகு முட்டையைத் தட்டி எழுப்ப பிஎல்சி-சீட்டா என்ற இன்னொரு புரதம் வேண்டும். அதுதான் முட்டைக்குள் கால்சியத்தை அலை அலையாக எழுப்புகிறது. அது இல்லாவிட்டால் முட்டை அப்படியே கிடக்கும். உடனே "முட்டை சரியில்லை" என்று முடிவுகட்டாதீர்கள். சிலருக்கு முட்டையைச் செயற்கையாக எழுப்பிப் பார்ப்பதுண்டு. தலை உருண்டையான விந்தணுக்களில் இந்தக் குறை அதிகம். அதனால் ரிப்போர்ட்டில் வடிவம் பற்றிய வரியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புரதம் என்றதும் புரோட்டீன் மா வாங்க ஓட வேண்டாம். இவை உடம்பே மரபணுப்படி செய்துகொள்பவை. ஜிம்மில் கிடைக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடலாம்.

அப்புறம் குளிர். பரிசோதனைக்கான விந்து மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டோடு ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். என் மச்சான் ஒருவர் நுவரெலியாவின் விடியற்காலைக் குளிரில் போத்தலைப் பையில் போட்டு, இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோனார். ஓட்டம் மிகக் குறைவு என்று வந்தது. ஆய்வுகூடத்திலேயே மறுபடி கொடுத்தபோது சரியாக இருந்தது.