டிரைவ் ஓடினால் மட்டும் துள்ளிய சென்சார்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. காற்றில் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனின் 22 கிலோவாட் மோட்டாரை ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரிலிருந்து, மோட்டார் வேகத்தை மாற்றித் தரும் விஎஃப்டி டிரைவுக்கு மாற்றினோம். அன்றிலிருந்து ஈரப்பத சென்சார் தன் அளவைச் சொல்லி அனுப்பும் 4–20 மில்லிஆம்பியர் சிக்னல் துள்ள ஆரம்பித்தது. டிரைவை நிறுத்தினால் சரியாகிவிடும்.

சென்சாரை மாற்றினேன், பலனில்லை. அதன் வயரை ஷீல்டு (உலோக உறை) உள்ள கேபிளாக்கினேன், அதே கதை. டிரைவ் வோல்டேஜை வெட்டும் வேகமான கேரியர் ஃப்ரீக்வென்சியை 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4 ஆக்கியதும் துள்ளல் கொஞ்சம் அடங்கியது; பதிலுக்கு மோட்டார் கீச்சிட்டது. அப்போதுதான் மோட்டார் கேபிள் மேல் சந்தேகம் போனது.

பழைய இரண்டு சாதாரண 3 கோர் கேபிள்களையே இணையாகப் போட்டிருந்தோம். ஆம்பியருக்குத் தாங்கும். ஆனால் டிரைவ் தருவது சைன் அலை அல்ல, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டப்படும் வோல்டேஜ். அதனால் கசியும் உயர் அதிர்வெண் மின்னோட்டம் டிரைவுக்கே திரும்ப நல்ல வழி வேண்டும். அதனால் 3 ஃபேஸ், சமச்சீராக 3 எர்த் கோர், மேலே செம்பு ஷீல்டு உள்ள கேபிளை இழுத்தோம்.

அப்படியும் முழுதாகத் தீரவில்லை. இரண்டு நாள் மண்டை காய்ந்தது.

டிரைவ் பேனலில் கேபிள் நுழையும் இடத்தில் ஷீல்டைப் பிடிக்கும் இஎம்சி கிளாண்டுக்கும் பேனல் எர்த்துக்கும் இடையில் மல்டிமீட்டர் வைத்தால் பீப் அடித்தது. மோட்டார் பக்கம் ஷீல்டையும் எர்த்தையும் கழற்றிவிட்டு வைத்தேன், சத்தமே இல்லை! முன்பு பீப் அடித்தது மோட்டார் வரை போய்ச் சுற்றி வந்த தொடர்பு. கிளாண்டு இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் அது உட்காரும் கிளாண்டு பிளேட்டில் மின்சாரம் கடத்தாத பவுடர் கோட்டிங் பெயிண்ட். சுரண்டி வெறும் உலோகத்தில் இறுக்கியதும் சிக்னல் அசையவில்லை. கேரியரையும் பழையபடி 8-க்கே ஏற்றிவிட்டேன்.