ஸ்பைனலுக்குப் பிறகு நடுக்கமா? ரிக்கவரிக்குப் புதியவர்களுக்கு

வெளியே 32 டிகிரி வெயில், தியேட்டருக்குள் 20 டிகிரி. முழங்கால் ஆபரேஷனுக்கு ஸ்பைனல் (முதுகில் ஊசி போட்டு உடம்பின் கீழ்ப்பகுதியை மரக்கவைப்பது) போட்டுக்கொண்ட ஆண்ட்டி, "மிஸ்ஸி, குளிருது" என்று நர்ஸைக் கூப்பிடுவார். பல் தந்தியடிக்கும், கட்டில் கம்பி கடகடக்கும். சிங்கப்பூரில் ரிக்கவரி வேலைக்கு, அதாவது ஆபரேஷன் முடிந்தவர்களைக் கவனிக்கும் அறைக்கு, வந்த புதிதில் எனக்கும் கை ஓடவில்லை.

முதலில் எது ஆடுகிறது என்று பாருங்கள். கால் மரத்துக் கிடக்கும். தோளும் கையும் தாடையும்தான் ஆடும். ஸ்பைனல் கீழ்ப்பகுதி ரத்தக்குழாய்களைத் தளர்த்துவதால் உள்ளே இருக்கும் சூடு கால் பக்கம் இறங்கிவிடுகிறது. பாதம் கதகதப்பாக இருக்கும், ஆள் நடுங்குவார். அதனால் பாதத்தைத் தொட்டு ஏமாறாமல் தெர்மாமீட்டரை வையுங்கள். காய்ச்சல் என்றால் கதையே வேறு, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஈரத் துணியை எடுத்துவிட்டு, சூடான காற்று ஊதும் போர்வையைப் போடுங்கள். நடுங்கும் உடம்பு ஆக்சிஜனை நிறையச் செலவழிக்கும், அளவைக் கவனியுங்கள். ஆடும் கையில் பிரஷர் சரியாக விழாது.

இதற்கும் அடங்கவில்லை என்றால்தான் மருந்து. எது, எவ்வளவு என்பது மயக்க மருத்துவரின் முடிவு. பெரியவர்களுக்கு வழக்கமாகப் பெத்திடின் என்ற மார்ஃபின் வகை வலி மருந்து 25 மில்லிகிராம், நரம்பில் மெதுவாக. சில நிமிடங்களில் அடங்கும். வலிக்கு மார்ஃபின் நல்லதுதான், ஆனால் நடுக்கத்தை நிறுத்துவதில் பெத்திடினுக்கு ஈடாகாது. பெத்திடின் கட்டுப்பாட்டு மருந்து, பதிவேட்டில் கணக்கு பிசகக் கூடாது. ஊசிக்கு முன் இரண்டு கேள்வி: ஸ்பைனலிலேயே மார்ஃபின் சேர்த்தார்களா? சிசேரியனில் இது சகஜம். இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம், மூச்சை எண்ணிக்கொண்டே இருங்கள். பார்க்கின்சனுக்குச் செலஜிலின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா? ஆமாம் என்றால் பெத்திடின் கூடவே கூடாது.

டிரமடால் என்ற வலி மருந்துக்கும் நடுக்கம் கேட்கும், கிலோவுக்கு அரை முதல் 1 மில்லிகிராம். வாந்தி வரலாம், கிண்ணம் பக்கத்தில் இருக்கட்டும். வலிப்பு உள்ளவர்களுக்கு வேண்டாம். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டெக்ஸ்மெடிடோமிடின் என்ற தூக்க மருந்தும் கொடுப்பதுண்டு, அது ஸ்பைனலால் ஏற்கெனவே இறங்கிய பிரஷரை இன்னும் இறக்கும், நாடித்துடிப்பையும் குறைக்கும்.

நடுக்கம் நின்றதும் போர்வையை உருவாதீர்கள். மருந்து நடுக்கத்தைத்தான் நிறுத்தும், உடம்பைச் சூடாக்காது. நான் ஒருமுறை உருவினேன். கொஞ்ச நேரத்தில் கம்பி மறுபடியும் கடகடத்தது.