அக்கா வீட்டு விடுமுறையும் ஒன்டாரியோ ஏரியும்: கயாக் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏரி என்றதும் நமக்கு வீராணமோ இரணைமடுவோதான் நினைவுக்கு வரும். ஒன்டாரியோ ஏரி அந்தக் கணக்கில் சேராது. நீளம் 311 கிலோமீட்டர், பரப்பு ஏறக்குறைய 19,000 சதுர கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 244 மீட்டர். உப்புக் கரிக்காது, வற்றுப் பெருக்கு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. மற்றபடி அது கடல்தான். கனடாவில் டொரொன்டோவை ஒட்டிய ஸ்கார்பரோ, பிக்கரிங், ஏஜாக்ஸ் பக்கம் அக்கா வீடு, சித்தப்பா வீடு என்று கோடைக்கு வந்து இறங்குபவர்கள் ஆண்டுதோறும் அதே தவறுகளோடு தண்ணீரில் கயாக்கை, அதாவது துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகை, தள்ளுகிறார்கள். லைஃப் ஜாக்கெட் போடு, குடித்துவிட்டு ஓட்டாதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

தொலைபேசியில் பார்த்த காற்று

வானிலைச் செயலி காட்டுவது பெரும்பாலும் நிலத்துக் காற்று, கிலோமீட்டர் கணக்கில். கனடா சுற்றுச்சூழல் துறை ஏரிக்கென்று தனியாக வெளியிடும் முன்னறிவிப்பு ‘நாட்’ (knot) என்னும் அளவில் இருக்கும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். அதில் 15 என்று பார்த்துவிட்டு ‘பரவாயில்லையே’ என்று கிளம்பினால், நீங்கள் போவது மணிக்கு 28 கிலோமீட்டர் காற்றுக்குள். புது இடத்தில், புதுப் படகில், 10 நாட்டுக்கு மேல் என்றால் அன்றைக்குத் திறந்த ஏரி வேண்டாம்.

கரையோரம் தண்ணீர் கண்ணாடியாக இருப்பதை நம்புவது

இதுதான் பெரிய தவறு. எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாத தவறும் இதுதான்.

ஸ்கார்பரோ பிளஃப்ஸ் என்னும் மண்பாறைச் சுவர் ஏரிக்கரையோடு சுமார் 15 கிலோமீட்டர் ஓடுகிறது. உயரமான இடத்தில் 90 மீட்டர் வரும். ஏரி இருப்பது அதன் தெற்கே. வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று அடித்தால் அந்தச் சுவர் அதைத் தடுத்துவிடும். அடிவாரத்தில் நிற்பவருக்கு இலைகூட அசையாது. இதில் இன்னொரு கண்கட்டும் உண்டு. மழை முகில் நகர்ந்து போன பின் வரும் வடமேற்குக் காற்று வானத்தைத் துடைத்து நீலமாக வைத்துவிடும். படம் எடுக்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. “மாமா, தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு, வாங்கோ இறங்குவம்” என்று மருமகன் கூப்பிடுவதும் அப்படிப்பட்ட நாளில்தான்.

கரையை விட்டு முந்நூறு நானூறு மீட்டர் தள்ளிப் போனதும் சுவரின் மறைவு தீரும். காற்று முதுகில் பிடிக்கும். படகு தானாக ஓடுவதுபோல் இருக்கும், ‘இன்றைக்குக் கை நன்றாக வருகிறதே’ என்று தோன்றும். கை அல்ல, காற்று. அலையின் முதுகுப்பக்கம் மட்டுமே கண்ணில் படுவதால் அது வளர்வதும் தெரியாது. திரும்பி முகம் கொடுக்கும்போதுதான் விஷயம் விளங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புதியவர் அமைதியான நீரில் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர் போவார். காற்றுத் துணையோடு 6. இருபது நிமிடத்தில் 2 கிலோமீட்டர் வெளியே வந்திருப்பார். 15 நாட் எதிர்க்காற்றில் அவர் வேகம் 2 கிலோமீட்டராகக் குறைந்தால், திரும்ப ஒரு மணி நேரம் கை ஓயாமல் துடுப்புப் போட வேண்டும். ஐந்து நிமிடம் இளைப்பாறினால் படகு மறுபடி தெற்கே போகும். அந்தப் பக்கம் அடுத்த கரை ஏரியின் மறுகோடியில்தான்.

இத்தோடு நிற்காது. மேற்கு, வடமேற்குக் காற்று ஓரிரு நாள் விடாமல் அடித்தால் மேற்பரப்பில் உள்ள வெதுவெதுப்பான நீர் வடகரையை விட்டு நகர்ந்துவிடும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். போன வாரம் 20 டிகிரியில் பிள்ளைகள் குளித்த அதே கரையில், ஜூலை மாதத்திலும், 10 டிகிரிக்குக் கீழே போய்விடும். படகை வெளியே தள்ளும் காற்றே விழுந்தால் விறைக்க வைக்கும் நீரையும் கொண்டுவந்து வைக்கிறது.

குளிர்நீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை மனிட்டோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சுருக்கினார். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கு அடங்காமல் இழுக்கும். அப்போது தலை நீருக்கு மேல் இருக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம் கைவிரல் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். இது உறைநிலையை ஒட்டிய நீருக்கான கணக்கு. 10 டிகிரியில் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் கவிழ்ந்த கயாக்கில் ஏறிப் பழகாதவருக்கு அந்தப் பத்து நிமிடம் போதவே போதாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னறிவிப்பில் காற்று எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள், வேகம் அப்புறம். கரையில் நின்று தண்ணீரைப் பார்க்காதீர்கள். பிளஃப்ஸ் உச்சியில் உள்ள மரங்களைப் பாருங்கள். ஆடினால் காற்று உங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. வெளியே நீரில் கருத்த திட்டுகள் தெரிந்தால் அங்கே இறங்குகிறது. சமையலறை வெப்பமானியைக் கொண்டுபோய் முழங்கால் ஆழத்தில் ஒரு நிமிடம் பிடியுங்கள். இறங்கிய பிறகு ஐந்து நிமிடம் போனதும் திரும்பிக் கரையை நோக்கி ஓட்டிப் பாருங்கள். அதே தூரத்துக்கு எட்டு நிமிடம் ஆனால் அன்றைய பயணம் முடிந்தது.

மாட்டிக்கொண்டால்: உடம்பைக் குனிந்து, சின்னச் சின்னதாக, விடாமல் துடுப்புப் போடுங்கள். கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதீர்கள். தலை தெரிவதைவிடப் படகு தெரியும்.

வெயிலுக்கு உடுப்பது

தண்ணீருக்கு உடுத்துங்கள். மே மாதம் வெளியே 25 டிகிரி இருந்தாலும் நீர் குளிர்சாதனப் பெட்டி மாதிரிதான் இருக்கும். வெட்சூட் (குளிர்நீருக்கான ரப்பர் உடை) இல்லையென்றால் ஏரி வேண்டாம். பருத்தி டீ-சர்ட்டும் ஜீன்ஸும் எந்த மாதமும் வேண்டாம்.

கராஜில் கிடந்த படகு

மச்சான் எப்போதோ தள்ளுபடியில் வாங்கி, ஒருமுறை ஓட்டிவிட்டுத் தொங்கவிட்ட மூன்று மீட்டர் கயாக்தான் பொதுவாகக் கையில் கிடைக்கும். குளத்துக்கென்று செய்தது. உள்ளே தடுப்புச் சுவர் இருக்காது; கவிழ்ந்தால் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஏறும், தூக்கிக் கொட்ட முடியாது. மிதவைப் பை இரண்டு வாங்கி முன்னும் பின்னும் ஊதி அடையுங்கள். வடிகால் மூடி இருக்கிறதா பாருங்கள். கால்தாங்கியை வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து சரிசெய்யுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டியை யாரையாவது மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

உள்ளே உட்காரும் கயாக்கில் சட்டப்படி இருக்க வேண்டியவை வேறு: ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், 15 மீட்டர் மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்க வாளி அல்லது கைப்பம்பு, விசில், இருட்டினால் விளக்கு.

முதல் நாளே திறந்த ஏரி

எதற்கு? லாரன்ஸ் அவென்யூவின் கிழக்கு முடிவில் ரூஜ் ஆற்று முகத்துவாரம் இருக்கிறது. ஆற்றை எதிர்த்துச் சதுப்புநிலத்துக்குள் போனால் நாரை, ஆமை எல்லாம் பார்க்கலாம். பிக்கரிங்கில் பிரெஞ்ச்மன்ஸ் பே, மணல் திட்டு அடைத்த குடா. ஏரிக்குப் போகும் வாய்க்கால் பக்கம் மட்டும் போகாமல் இருந்தால் போதும். இரண்டிலும் படகைக் கவிழ்த்து ஏறிப் பழகுங்கள், கரையோரமாக, ஆள் துணையோடு.

மழை பெய்த மறுநாள்

போகாதீர்கள். ஆறு கலங்கி ஓடும், நகரத்துக் கழிவும் சேர்ந்து வரும்.

டொரொன்டோ தீவுக்குப் போகும் ஃபெரி

அது உங்களுக்காக ஒதுங்காது.

‘சாப்பாட்டுக்கு வந்துடுவேன்’

இது நேரம் இல்லை. எங்கே இறங்குகிறீர்கள், எந்தப் பக்கம் போகிறீர்கள், படகு என்ன நிறம், எத்தனை மணிக்குக் கரையில் இருப்பீர்கள், எத்தனை மணிக்கு மேல் 911-ஐ அழைக்க வேண்டும் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். பன்னிரண்டு மணிக்கு விருந்து என்றால் பத்தரைக்குக் கரை என்று எழுதுங்கள். விருந்துக்குப் பிந்துகிறோமே என்று குடாவைச் சுற்றாமல் நடுவே குறுக்கே வெட்டுவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். தொலைபேசி நீர்ப்புகாப் பையில், உங்கள் உடம்போடு கட்டியிருக்கட்டும். படகின் மேல்தட்டில் செருகி வைத்தால் கவிழும்போது அது ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.