டார்கெட் ட்ரோன் டீம்ல புதுசா சேர்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுட்டுப் பழகுறது ராணுவத்துக்காரங்க வேலை, அவங்க சுடுறதுக்கு டார்கெட் ட்ரோனைப் பறக்கவிட்டு முடிஞ்சா முழுசா திரும்ப எடுக்குறது நம்ம வேலை. புதுசா வர்ற பசங்க, ஆரம்பத்துல நாங்க பண்ணுன அதே தப்புகளை வரிசையா பண்றாங்க, அதான் எழுதுறேன். எரிபொருள் பாரு, பேட்டரி பாருன்னெல்லாம் சொல்லப்போறதில்ல, அது செக்லிஸ்ட்லயே இருக்கு.

சுட்டு விழுந்தாதான் பயிற்சி சக்சஸ்னு நினைக்கிறது

குண்டு எவ்ளோ பக்கத்துல போச்சுன்னு காட்டுற மிஸ் டிஸ்டன்ஸ் கருவியோட ரீடிங்தான் ரிசல்ட். நம்ம நாட்டு டார்கெட் ட்ரோனான லக்ஷ்யா 1.5 கிலோமீட்டர் கம்பியில டார்கெட்டைப் பின்னாடி இழுத்துட்டுப் போறதே, அடி அதுல படணும், ட்ரோன் தப்பிக்கணும்னுதான்.

சின்ன ட்ரோன் ரேடார்ல போர் விமானம் மாதிரி தெரியும்னு நம்புறது

தெரியாது. ரேடார் அலையை வந்த பக்கமே திருப்பி அனுப்பி ட்ரோனைப் பெருசா காட்டுற லூன்பெர்க் லென்ஸ் மாட்டுங்க.

கடல்ல எடுத்ததை நாளைக்குக் கழுவிக்கலாம்னு விடுறது

இது நடக்குறப்பல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருது. பாராசூட்ல இறங்கி மிதந்துட்டு இருந்த ட்ரோனைப் படகுல தூக்கிட்டு வந்தாங்க, ஒரு கீறல் இல்ல, எல்லாருக்கும் சந்தோஷம், துணியால துடைச்சு ஷெட்ல வெச்சுட்டு சாப்பிடப் போயிட்டாங்க. மறுநாள் சர்வோ (இறக்கை மடிப்புகளை அசைக்கிற மோட்டார்) கனெக்டரைக் கழட்டிப் பார்த்தா பின்னெல்லாம் பச்சை பூத்திருக்கு, பக்கத்துல அலுமினியம் பிராக்கெட்ல வெள்ளைப் பவுடர், இன்ஜினைக் கையால சுத்துனா பேரிங் கரகரன்னு சத்தம். ஒரு குண்டுகூட படாத ட்ரோன், கழுவாததால போச்சு.

உப்புத் தண்ணி காயக் காய உப்போட அடர்த்தி கூடும், காத்தும் சேர்ந்தா அரிப்பு வேகமாயிடும். கடல்ல எடுக்குற விமானக் கருப்புப் பெட்டியையே காயவிடாம தண்ணியில முக்கி வெச்சுதான் லேபுக்குக் கொண்டு போவாங்க. அதனால படகுலயே நல்ல தண்ணி கேன் இருக்கணும். முதல்ல பேட்டரியைக் கழட்டுங்க, அப்புறம் ட்ரோன் காயாம நல்ல தண்ணி ஊத்திக்கிட்டே வாங்க, கரைக்கு வந்ததும் மூடியெல்லாம் திறந்து உள்ள வரைக்கும் அலசி, மேனுவல்ல சொன்ன மாதிரி இன்ஜினுக்குள்ள நல்ல தண்ணி விட்டுக் கழுவி, ஈரத்தை விரட்டுற ஆயில் ஸ்ப்ரே அடிச்சுட்டு அப்புறம் சாப்பிடப் போங்க. அமெரிக்காவோட ஃபயர்பீ டார்கெட் ட்ரோன்களைக் கீழ விழவே விடாம, ஹெலிகாப்டர்ல போய் பாராசூட்டைக் கொக்கி போட்டு வானத்துலயே பிடிச்சிருக்காங்க, ஒரு ட்ரோனைக் காப்பாத்த அவ்ளோ மெனக்கெட்டிருக்காங்க, நம்ம கிட்ட கேக்குறது ஒரு ஹோஸ் பைப்தான்.

பாராசூட்டையும் மறந்துடாதீங்க. நைலான்ல உப்பு படிஞ்சா இழையை அறுக்கும், அலசி நிழல்ல காய வைங்க, வெயில்ல போட்டா துணி பலம் போயிடும்.

பாராசூட்டை அவசரமா மடிக்கிறது

மடிக்கத் தெரிஞ்சவர் வர்ற வரைக்கும் ட்ரோன் தரையிலயே இருக்கட்டும்.

கன்ட்ரோல் சிக்னல் லிங்க் கட்டானா ட்ரோன் என்ன பண்ணும்னு லாஞ்சர்ல ஏத்துனப்புறம் யோசிக்கிறது

முன்னாடியே செட் பண்ணி, தரையில வெச்சு சிக்னலை நிறுத்திப் பாருங்க. இன்ஜின் ஆஃப் ஆகி பாராசூட் விரியுற மாதிரி வெச்சிருந்தா, அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் தள்ளும், அந்தப் பக்கம் படகோ ஆளோ இருக்காங்களான்னு ரேஞ்ச் சேஃப்டி ஆஃபீசர் கிட்ட கேட்டு ஓகே வாங்குன பிறகு, ட்ரோனைக் கிளப்புற ராக்கெட் பூஸ்டரைப் பத்த வைங்க.