அமெரிக்கச் சீர்திருத்தக்காரர்களைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் நடுத்தர வர்க்கச் சீர்திருத்த இயக்கங்களைப் பற்றி எழுதும்போது முதல் சறுக்கல் மதுவிலக்கில்தான். 'அடுத்தவர் குடிப்பதைப் பொறுக்காத மதப் பிடிவாதம்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். அன்றைய சட்டத்தைப் பார்த்தால் அப்படி எழுத மனம் வராது. நூற்றாண்டின் முற்பாதியில் திருமணமான பெண்ணின் கூலி பொதுவாகக் கணவனுக்கே சொந்தம். அவன் அதைச் சாராயக் கடையில் கொடுத்துவிட்டு வந்து அடித்தாலும் அவளால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது, விவாகரத்தும் எளிதல்ல. மதுவிலக்கு பேசிய பெண்கள் வீட்டு அடுப்பைப் பற்றித்தான் பேசினார்கள். 1852-ல் நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்தில், பின்னாளில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆந்தனி பேச எழுந்தார். பெண்களை அழைத்தது கேட்பதற்குத்தான் என்றார்கள். வெளியேறியவர் பெண்களுக்கென்றே ஒரு மதுவிலக்குச் சங்கம் தொடங்கினார். அவருடைய வாக்குரிமைப் போராட்டத்துக்கு வேர் இங்கேயும் இருக்கிறது.

எல்லாவற்றையும் வசதியானவர்களே செய்தார்கள் என்பதும் தவறு. வாஷிங்டோனியன் மதுவிலக்கு இயக்கத்தை 1840-ல் பால்டிமோரில் தொடங்கியவர்கள் ஆறு குடிகாரர்கள். தையல்காரர், தச்சர் போன்ற கைத்தொழிலாளிகள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரப் பஞ்சாலைப் பெண்களும் பத்து மணி நேர வேலைநாள் கேட்டுத் தாங்களே மனு எழுதினார்கள்.

அப்புறம், சீர்திருத்தக்காரர்கள் எல்லோரும் ஒரே அணி என்று நினைத்துவிடக் கூடாது. கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத் தலைவர் பிரான்சிஸ் வில்லார்ட், ஒரு பேட்டியில் தென் மாநிலக் கறுப்பினத்தவரைக் குடியோடு சேர்த்துப் பழித்துப் பேசினார். லிஞ்சிங் கொலைகளை (விசாரணையின்றிக் கும்பல் செய்யும் கொலைகளை) எதிர்த்துப் போராடிய ஐடா பி. வெல்ஸ், 1894-ல் இங்கிலாந்தில் அந்தப் பேட்டியை மறுபதிப்பு செய்ய வைத்து அதை அம்பலப்படுத்தினார்.

கடைசியாக, எனக்கு மிகவும் உறுத்தும் தவறு. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற பேச்சாளர் சோஜர்னர் ட்ரூத், 1851-ல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் 'நான் பெண் இல்லையா?' என்று திரும்பத் திரும்பக் கேட்டதாகப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த வடிவம் 12 ஆண்டுகள் கழித்து, 1863-ல் அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் கேஜ் வெளியிட்டது. அதில் ட்ரூத்தின் பேச்சு தென் மாநில அடிமைகளின் கொச்சையில் இருக்கிறது. அவரோ நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, டச்சு மொழி பேசி வளர்ந்தவர். பேசிய ஒரு மாதத்துக்குள் செய்தித்தாளில் வந்த பதிவில் அந்தக் கேள்வி இல்லை. வேறொன்று இருக்கிறது: உழுதிருக்கிறேன், அறுத்திருக்கிறேன், மரம் வெட்டியிருக்கிறேன்; எந்த ஆணாவது இதைவிட அதிகம் செய்ய முடியுமா?