பொடி ஆன்டிபயாடிக்கைக் கரைக்கும்போது: புது பார்மசி மாணவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பி.ஃபார்ம் (பார்மசி பட்டப்படிப்பு) சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. பயிற்சி ஆய்வகத்தில் மதிப்பெண் அதிகம் போவது கடினமான மருந்துகளில் அல்ல, குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் பொடியைக் கரைப்பதில்தான்.

முதலில் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி, அடியில் இறுகிய பொடியை உதிர்த்துவிடுங்கள். லேபிள் சொல்லும் தண்ணீரை அளந்து, மூன்றில் இரண்டு பங்கை மட்டும் ஊற்றி உடனே நன்றாகக் குலுக்குங்கள். மீதியைப் பிறகு சேருங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாக ஊற்றினால் அடிமூலையில் பொடி கட்டியாக நின்றுவிடும். அப்புறம் முதல் நாள் டோஸ் நீர்த்தும், கடைசி டோஸ் கடுமையாகவும் போகும். பாட்டிலில் கோடு இருந்தால், நுரை அடங்கிய பின் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். சுடுநீர் கூடவே கூடாது. கொதித்து ஆறியது சரி.

அளவையும் எழுதிப் பார்த்துவிடுங்கள். 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள மருந்தில், 250 மி.கி. வீதம் மூன்று வேளை, 5 நாள் என்றால், ஒரு வேளைக்கு 10 மி.லி.; ஆக 10 × 3 × 5 = 150 மி.லி. 100 மி.லி. பாட்டில் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

கரைத்த தேதி, தூக்கியெறியும் தேதி, ‘குலுக்கவும்’ மூன்றும் லேபிளில் வேண்டும். எத்தனை நாள் தாங்கும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மனப்பாடத்தை நம்பாமல் பெட்டியைப் பாருங்கள்.

மருந்தைக் கொடுக்கும்போது, வாயில் ஊற்றும் ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டுங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிப் பாட்டியானாலும் ஜூலு பேசும் அம்மாவானாலும், வீட்டு டீஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.